கோபால்ட் வினையூக்கி செய்து, சோடியம் போரோஹைட்ரைடிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து, அதைச் சரியாக அளப்பது எப்படி?

ஹைட்ரஜனை உருளையில் அழுத்தி அடைக்காமல், ஒரு வேதிப்பொருளுக்குள் கட்டி வைத்து, வேண்டும்போது அவிழ்த்துக்கொள்வது ஓர் அழகான யோசனை. அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான் உலோக வினையூக்கியின் வேலை. இதில் எம்.எஸ்சி. புராஜெக்டோ ஆராய்ச்சியோ தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பலரும் வினையூக்கி செய்வதில் மாதக்கணக்கில் செலவழித்துவிட்டு அளப்பதை ஒரே பிற்பகலில் முடித்துவிடுகிறார்கள், அப்புறம் வருகிற எண் வினையூக்கியினுடையதா, சூட்டினுடையதா, கசிந்த டியூபினுடையதா என்று யாருக்கும் தெரிவதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் அளக்கும் பகுதிதான் நீளம்.

எடுத்துக்கொள்ளும் உதாரணம், சோடியமும் போரானும் ஹைட்ரஜனும் சேர்ந்த வெள்ளைத் தூளான சோடியம் போரோஹைட்ரைடும் கோபால்ட்–போரான் வினையூக்கியும். பொருள்கள் கல்லூரி ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகும், உயர் அழுத்தம் வேண்டாம், அறை வெப்பநிலையிலேயே நடக்கும்.

முதலில் வேதியியல்

ஒரு மோல் சோடியம் போரோஹைட்ரைடு இரண்டு மோல் நீருடன் சேர்ந்தால் ஒரு மோல் சோடியம் மெட்டாபோரேட்டும் நான்கு மோல் ஹைட்ரஜனும் கிடைக்கும். வெளிவரும் ஹைட்ரஜனில் பாதி போரோஹைட்ரைடிலிருந்து வருகிறது, மறுபாதி நீரிலிருந்து. கனநீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள நீர்) இதே வினையை நடத்தினால் ஒரு சாதா ஹைட்ரஜனும் ஒரு டியூட்டீரியமும் இணைந்த மூலக்கூறுதான் பெரும்பாலும் வருகிறது, அதை வைத்துத்தான் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. போரோஹைட்ரைடு உலோகப் பரப்பில் வந்து ஒட்டும், தன் ஹைட்ரஜனை உலோகத்திடம் கொடுக்கும், பக்கத்தில் நீரின் பிணைப்பும் உடையும், இரண்டும் சேர்ந்து குமிழாகும்.

வினையூக்கி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது கரைசலின் காரத்தன்மையைப் பொறுத்தது. 25 டிகிரியில், பி.ஹெச் 14-ல் நிலையாக இருந்தால் போரோஹைட்ரைடின் அரைவாழ்வு (பாதி தீர ஆகும் நேரம்) 420 நாளுக்கு மேல். பி.ஹெச் 12-ல் ஏறக்குறைய 4 நாள். பி.ஹெச் 8-ல் ஒரு நிமிடம்கூட இல்லை. வெறும் நீரில் போட்டால் கொஞ்ச நேரம் நுரைத்துவிட்டு மந்தமாகிவிடும், ஏனென்றால் உருவாகும் மெட்டாபோரேட் தானே கரைசலைக் காரமாக்கிவிடுகிறது. ஆகவே காரம் சேர்த்தால் அது தூங்கும் எரிபொருள், வினையூக்கி தொட்டால் விழிக்கும்.

இந்த விஷயம் பழையது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஷ்லெசிங்கரும் ஹெர்பர்ட் பிரௌனும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்த வேலை 1953-ல்தான் வெளியானது. அமெரிக்க ராணுவத்துக்குக் களத்திலேயே ஹைட்ரஜன் தேவைப்பட்டது. கோபால்ட் குளோரைடை ஒரு சிட்டிகை சேர்த்தால் வாயு பாய்ந்து வருகிறது, உண்மையில் வேலை செய்வது உடனே உருவாகும் அந்தக் கறுப்புப் படிவுதான் என்று அவர்கள் அப்போதே எழுதிவிட்டார்கள். 1962-ல் பிரௌன் வரிசையாக உலோக உப்புகளைச் சோதித்தபோது ருத்தீனியமும் ரோடியமும் முன்னே வந்து நின்றன.

அப்படியானால் ஏன் கோபால்ட்? விலைதான். ருத்தீனியத்தோடு ஒப்பிட்டால் கோபால்ட் மிக மலிவு, வேகத்திலும் ரொம்பப் பின்தங்கிவிடாது. நிக்கல் இன்னும் மலிவு, ஆனால் மந்தம்.

தொடங்கும் முன் பாதுகாப்பு

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பிடிக்கும், அதற்கு நைலான் சட்டையின் நிலைமின் பொறியே போதும். ஃபியூம் ஹூடுக்குள் (வாயுவை வெளியே இழுக்கும் ஆய்வக அலமாரி) செய்யுங்கள், அந்த அறையில் பன்சன் பர்னர் எரியக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குடுவையை முழுவதும் அடைக்காதீர்கள், வாயு போக வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். நான் படித்த காலத்தில் ஒரு முறை வெளியேறும் டியூப் மடங்கியதைக் கவனிக்கவில்லை. ரப்பர் கார்க் கூரையில் மோதி, காரக் கரைசல் மேசை முழுக்கத் தெறித்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது.

போரோஹைட்ரைடை அமிலத்தில் போடவே கூடாது. கரைசல் செய்யும்போது முதலில் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து, ஆறவிட்டு, அதற்குள்தான் போரோஹைட்ரைடைச் சேர்க்க வேண்டும். கோபால்ட் குளோரைடு தூளை மூச்சில் இழுப்பது புற்றுநோய் அபாயம் உள்ளது, எடை போடும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். வினையூக்கியைப் பூசப் பயன்படுத்தும் நிக்கலும் பலருக்கு ஒவ்வாமை தரும்.

வினையூக்கி செய்தல்

தூளாகச் செய்வது எளிது: கோபால்ட் குளோரைடு கரைசலைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, போரோஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கறுப்புப் படிவு இறங்கும். ஆனால் தொடக்கத்துக்குத் தூளை நான் பரிந்துரைக்க மாட்டேன். உலர்ந்த தூள் காற்றுப் பட்டால் சூடேறும், சில வேளை கனன்றே விடும். அதோடு கோபால்ட்–போரான் காந்தத்துக்கு இழுபடும் என்பதால் மேக்னடிக் ஸ்டிரரின் கம்பியில் போய்க் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். 20 மில்லிகிராம் போட்டேன் என்று எழுதுவீர்கள், கரைசலில் உண்மையில் வேலை செய்வது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது.

நிக்கல் ஃபோம் மேல் பூசுவது நல்லது. கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும் உலோகத் தகடு அது. 1 செ.மீ.க்கு 2 செ.மீ. துண்டாக வெட்டுங்கள், அழுத்தாமல் வெட்டுங்கள், நசுங்கினால் உள்ளே கரைசல் போகாது. அசிட்டோனில் 10 நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, உலரவிட்டு, அப்புறம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்து மேலுள்ள ஆக்சைடைக் கரையுங்கள். அமிலம் துளியும் மிஞ்சாதபடி காய்ச்சி வடித்த நீரில் பல முறை அலசி, எத்தனாலில் முக்கி எடுத்து, 60 டிகிரியில் உலர்த்துங்கள். இப்போது எடை. 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும்.

இரண்டு பீக்கர் தயார் செய்யுங்கள். ஒன்றில், 10 மில்லி நீரில் 2.4 கிராம் கோபால்ட் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட், ஏறக்குறைய 1 மோலார், அடர் இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும். மற்றதில், 4 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 10 மில்லியில் 0.38 கிராம் போரோஹைட்ரைடு, அதுவும் 1 மோலார். இரண்டாவது பீக்கர் பெரியதாக இருக்கட்டும், பொங்கும்.

ஃபோமைக் கோபால்ட் கரைசலில் ஒரு நிமிடம் ஊறவைத்து, எடுத்து, சொட்டுவதை வடிதாளில் ஒற்றிவிட்டு, போரோஹைட்ரைடில் முக்குங்கள். சீறும், ஃபோம் கண்ணெதிரே கறுக்கும். குமிழ் வேகமாகவும் சீராகவும் வரத் தொடங்கிய பிறகு எடுத்து நீரில் அலசுங்கள். இது ஒரு பூச்சு. இப்படி நான்கைந்து பூச்சு. ஒற்றி எடுப்பதைத் தவிர்த்தால் ஃபோம் மேல் தொங்கும் கரைசல் பீக்கருக்குள் உதிர்ந்து அங்கேயே படிவாகிவிடும், போரோஹைட்ரைடு முழுவதும் அதில் வீணாகும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு நீரிலும் எத்தனாலிலும் அலசி, வெற்றிட ஓவனில் உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் வினையூக்கியின் எடை. நம்புவதற்கு முன் ஒரு காரியம்: ஒரு துண்டை நீரில் போட்டு ஒரு நிமிடம் நன்றாக ஆட்டுங்கள். நீர் கறுத்தால் பூச்சு பிடிக்கவில்லை, அமிலக் கழுவலுக்குத் திரும்பிப் போங்கள்.

செய்த அன்றோ மறுநாளோ சோதித்துவிடுங்கள். காற்றில் கிடந்தால் மேற்பரப்பு ஆக்சைடாகிவிடும், சோதிக்கும்போது முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காமல் பிறகு திடீரென்று எழும்பும். போரோஹைட்ரைடு அந்த ஆக்சைடைத் திரும்ப உலோகமாக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

அளக்கும் அமைப்பு

இரண்டு வாய் உள்ள 100 மில்லி வட்டக் குடுவை. அதை வாட்டர் பாத்தில் கழுத்து வரை இறக்குங்கள். ஒரு வாயில் ரப்பர் செப்டம் (ஊசி குத்தினாலும் கசியாத மூடி), மற்றதிலிருந்து அகலமான, குட்டையான டியூப், அது நீர்த் தொட்டியில் கவிழ்த்த 500 மில்லி அளவுருளைக்குப் போகட்டும். டியூப் ஒல்லியாக இருந்தால் வாயு முட்டி முட்டி வரும், வரைபடம் படிக்கட்டு மாதிரி ஆகும். வசதி இருந்தால், வெளியேறும் நீரை டிஜிட்டல் தராசின் மேல் உள்ள பீக்கரில் விழவிட்டு, தராசின் திரையை போனில் வீடியோ எடுங்கள். 1 கிராம் நீர் என்றால் 1 மில்லி வாயு. நொடிக்கு நொடி அளவு கிடைக்கும், காசும் செலவில்லை.

நிக்கலும் காந்தத்துக்கு இழுபடும், எனவே ஃபோமைச் சும்மா போட்டுவிட்டு மேக்னடிக் ஸ்டிரரைப் போட்டால் அது கம்பியோடு சேர்ந்து பம்பரமாகச் சுற்றும். கண்ணாடிக் கொக்கியில் தொங்கவிட்டு, கம்பி அதைத் தொடாத உயரத்தில் வையுங்கள்.

கசிவுச் சோதனை: செப்டம் வழியாக ஊசியில் 20 மில்லி காற்றைச் செலுத்துங்கள். அளவுருளையில் 20 மில்லி ஏறி, பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். ஹைட்ரஜன் காற்றைவிட எளிதாகக் கசியும், இதில் தேறாத அமைப்பில் எதையும் அளக்காதீர்கள்.

ஓட்டம்

4 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 10 மில்லியில் 0.1 கிராம் போரோஹைட்ரைடு. இதிலிருந்து எவ்வளவு ஹைட்ரஜன் வர வேண்டும் என்பதை முதலிலேயே கணக்கிட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். 0.1 கிராம் என்பது 2.64 மில்லிமோல், நான்கு மடங்கு ஹைட்ரஜன் 10.57 மில்லிமோல். 30 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், உலர்ந்த வாயுவாக 263 மில்லி. ஆனால் நீருக்கு மேல் பிடிக்கும் வாயுவில் நீராவியும் இருக்கிறது, 30 டிகிரியில் அதன் அழுத்தம் 31.8 மி.மீ. பாதரசம், அதாவது 4.2 சதவீதம். ஆகவே அளவுருளையில் தெரிய வேண்டியது 275 மில்லி.

கரைசலையும் ஃபோம் உள்ள குடுவையையும் 30 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஊசியில் கரைசலைச் செலுத்தி, நேரத்தைத் தொடங்குங்கள். முதல் 10 மில்லி உங்கள் ஊசி தள்ளிய காற்று, அதைக் கழித்துவிடுங்கள். இதை மறந்த அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்து வாயு நின்றதும் மொத்தம் 275-க்குப் பக்கத்தில் இருக்கிறதா? 250 என்றால் கசிவு, அல்லது போரோஹைட்ரைடு பழசு. கட்டி தட்டிய பாட்டில் ஈரத்தை இழுத்துவிட்டது என்று அர்த்தம். 290 என்றால் வாயு சூடாக வந்து சேர்ந்திருக்கிறது, அல்லது ஊசிக் காற்றைக் கழிக்கவில்லை. மொத்தம் பொருந்தாமல் வேகத்தைக் கணக்கிடுவதில் பயனே இல்லை.

இதே ஓட்டத்தை வினையூக்கி இல்லாமல் ஒரு முறை, பூசாத வெறும் நிக்கல் ஃபோமை வைத்து ஒரு முறை செய்யுங்கள். நிக்கலுக்கும் கொஞ்சம் வேகம் உண்டு, அதைக் கோபால்ட் கணக்கில் எழுதக் கூடாது.

சூடு ஏமாற்றும் இடம்

இந்த வினை ஒரு மோல் போரோஹைட்ரைடுக்கு 210 கிலோஜூல் அளவுக்கு வெப்பத்தை உமிழும். உங்கள் 0.1 கிராமிலிருந்து வருவது சுமார் 550 ஜூல். 10 மில்லி நீரை 13 டிகிரி சூடாக்க அது போதும்! வினையூக்கி எவ்வளவு வேகமோ அவ்வளவு குறைவான நேரமே வாட்டர் பாத்துக்குக் கிடைக்கும், எனவே நல்ல வினையூக்கியில்தான் இந்தப் பிழை பெரிதாகும். கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 50 கிலோஜூல் என்று வைத்தால், 30-லிருந்து 43 டிகிரிக்குப் போகும்போது வேகம் 2 மடங்குக்கு மேல் கூடிவிடும். உங்கள் வினையூக்கி இரண்டு மடங்கு நல்லது என்று நீங்கள் சந்தோஷப்படும் எண், குடுவை சூடானதன் எண்ணாக இருக்கலாம்.

தீர்வு எளிது. வெப்பமானியை வாட்டர் பாத்தில் அல்ல, குடுவைக்குள் கரைசலில் வையுங்கள். ஓட்டத்தின்போது 2 டிகிரிக்கு மேல் ஏறினால் ஃபோம் துண்டைச் சிறிதாக்குங்கள், அல்லது கரைசலைக் கூட்டி போரோஹைட்ரைடின் அடர்த்தியைக் குறையுங்கள். வேகமாக ஓட விடாமல் மெதுவாக ஓடவிட்டு அளப்பதுதான் நேர்மையான எண்ணைத் தரும்.

வேகத்தைக் கணக்கிடுதல்

நேரத்துக்கு எதிராகக் கன அளவை வரையுங்கள். தொடக்கத் தயக்கம் போன பிறகு ஒரு நேர்கோடு வரும், போரோஹைட்ரைடு தீரும்போது வளையும். நேர்கோட்டின் சாய்வை மட்டும் எடுங்கள். உதாரணத்துக்கு, சாய்வு நிமிடத்துக்கு 40 மில்லி, பூச்சின் எடை 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். நீராவியைக் கழிக்க 0.958-ஆல் பெருக்கினால் 38.3. அதை 0.020-ஆல் வகுத்தால், ஒரு கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1,915 மில்லி. வெறும் ஃபோமின் வேகத்தையும் கழித்துவிடுங்கள். இந்த எண்ணை எழுதும்போது வெப்பநிலை, போரோஹைட்ரைடின் அடர்த்தி, காரத்தின் அடர்த்தி, எடையில் ஃபோம் சேர்ந்திருக்கிறதா இல்லையா ஆகிய நான்கும் கூடவே இருக்க வேண்டும். இவை இல்லாத எண்ணை வேறொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது. காரம் மட்டுமே கதையை மாற்றும்: காரம் கூடினால் ருத்தீனியம் மந்தமாகிறது, கோபால்ட்டோ ஓர் அளவு வரை வேகமாகிறது.

கிளர்வு ஆற்றலுக்கு நான்கு வெப்பநிலையாவது வேண்டும், 25, 30, 35, 40 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் மூன்று முறை. வெப்பநிலையைக் கெல்வினில் மாற்றி, அதன் தலைகீழுக்கு எதிராக வேகத்தின் இயல் மடக்கையை வரைந்தால், சாய்வை 8.314-ஆல் பெருக்கி, குறியை மாற்றினால் கிளர்வு ஆற்றல் ஜூலில் வரும். 30-லிருந்து 40-க்குப் போகும்போது வேகம் 1.88 மடங்கு கூடினால் அது 50 கிலோஜூல் என்று நினைவில் வையுங்கள், மனக்கணக்குக்கு உதவும். 1985-ல் காஃப்மனும் சென்னும் கோபால்ட்டுக்கு 75, நிக்கலுக்கு 71, ரேனி நிக்கலுக்கு (நுண்துளைகள் நிறைந்த நிக்கல் தூள்) 63 கிலோஜூல் என்று அளந்தார்கள். உங்களுக்கு 20-க்குக் கீழே வந்தால் அருமையான வினையூக்கி என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அது, ஃபோம் ஓட்டைகளைக் குமிழ்கள் அடைத்துக்கொண்டு, கரைசல் உள்ளே போவதே தடையாகிவிட்டதைக் காட்டும். கலக்கும் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள், எண் மாறினால் சந்தேகம் உறுதி.

பத்தாவது ஓட்டம்

நான் ஒரு வினையூக்கியை மதிப்பிடுவது முதல் ஓட்டத்தை வைத்தல்ல, பத்தாவதை வைத்து. அதே ஃபோமை எடுத்து, அலசி, புதிய கரைசலில் போட்டு, பத்து முறை. எடையை 1, 5, 10 என மூன்று இடத்திலாவது பாருங்கள். வேகம் குறைந்து எடையும் குறைந்தால் பூச்சு உதிர்கிறது. வேகம் குறைந்து எடை கூடினால் போரேட் (வினையில் உண்டாகும் மெட்டாபோரேட் கழிவு) படிந்திருக்கிறது, வெந்நீரில் ஊறவைத்து மறுபடி ஓட்டினால் பெரும்பகுதி திரும்பி வரும். எடை மாறாமல் வேகம் மட்டும் குறைந்தால் மேற்பரப்பு ஆக்சைடாகியிருக்கலாம் அல்லது நுண்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டிருக்கலாம், அதற்கு நுண்ணோக்கி வேண்டும்.

இன்னொரு சோதனை, ஐந்து நிமிட வேலை, ஆனால் பலரும் செய்வதில்லை: பாதி ஓட்டத்தில் கொக்கியை உயர்த்தி ஃபோமைக் கரைசலுக்கு வெளியே எடுங்கள். வாயு நின்றுவிட வேண்டும். தொடர்ந்து வந்தால், உதிர்ந்த கோபால்ட் கரைசலுக்குள் மிதந்து வேலை செய்கிறது. அப்போது நீங்கள் எழுதிய எடை தவறு, மறுபயன்பாடு என்று சொல்வதும் தவறு.

போரேட் ஏன் இவ்வளவு தொல்லை? சோடியம் மெட்டாபோரேட் 25 டிகிரியில் 100 கிராம் நீரில் 28 கிராம் அளவுக்குத்தான் கரையும், போரோஹைட்ரைடு 55 கிராம் கரையும். எரிபொருளை அடர்த்தியாகக் கரைக்கலாம், கழிவு கரையாது. அதனால் 16 சதவீதத்துக்கு மேல் போரோஹைட்ரைடு போட்டால் கழிவு படிகமாகி வினையூக்கியையும் டியூபையும் அடைக்கும். இதுவும், மெட்டாபோரேட்டைத் திரும்பப் போரோஹைட்ரைடாக்க ஆகும் ஆற்றலும் செலவும் சேர்ந்துதான் 2007-ல் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழு இதை வாகனங்களுக்கு வேண்டாம் என்று பரிந்துரைக்க வைத்தன. 2001-ல் டெய்ம்லர்கிரைஸ்லர் இதே எரிபொருளில் ஓடும் நேட்ரியம் என்ற மாதிரி வேனைக் காட்டியிருந்தது. வாகனத்துக்குத்தான் அந்த மறுப்பு. கையில் தூக்கிச் செல்லும் கருவிகள், ட்ரோன்கள் போன்ற சிறிய தேவைகளுக்கான ஆராய்ச்சி தொடர்கிறது.

இதே அமைப்பில் அம்மோனியா போரேன்

பழகிய பிறகு, நைட்ரஜனும் போரானும் ஹைட்ரஜனும் சேர்ந்த அம்மோனியா போரேனுக்குப் போகலாம். எடையில் 19.6 சதவீதம் ஹைட்ரஜன், நடுநிலை நீரிலேயே நிலையாக இருக்கும் என்பதால் காரம் வேண்டியதில்லை. ஜப்பானில் சந்திராவும் சூவும் 2006-ல் பிளாட்டினம் முதலிய உலோகங்களோடு இதன் நீராற்பகுப்பை (நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் தருவதை) காட்டினார்கள். 31 மில்லிகிராம் எடுத்தால் 1 மில்லிமோல், அதிலிருந்து 3 மில்லிமோல் ஹைட்ரஜன், 30 டிகிரியில் உலர்ந்த நிலையில் 75 மில்லி. எனவே 100 மில்லி பியூரெட் போதும். கரைசல் அடர்த்தியானால் அம்மோனியாவும் கூட வரும், அது ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்தைக் கெடுக்கும், அளவையும் குழப்பும். வெளியேறும் வாயுவை நீர்த்த அமிலம் உள்ள ஒரு குப்பி வழியாக விடுங்கள், அந்த அமிலம் குடுவைக்குள் பின்வாங்காதபடி நடுவில் ஒரு காலிக் குப்பியும் வையுங்கள்.

ஃபார்மிக் அமிலம் வேறு உலகம். 4.4 சதவீதம்தான் ஹைட்ரஜன், ஆனால் திரவம், கையாள எளிது. அதில் பல்லேடியம் பேர்போனது. தவறான வழியில் சிதைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும் என்பதால் வாயுவைப் பகுத்தறியும் கருவி இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

கழிவு

ஓட்டம் முடிந்த கரைசலில் போரோஹைட்ரைடு மிஞ்சியிருக்கலாம். அதை ஒரு மூடிய பாட்டிலில் ஊற்றி வைத்தால் இரவில் பாட்டில் உப்பும், வெடிக்கவும் செய்யும். ஒரு துண்டுப் பழைய ஃபோமை உள்ளே போட்டு, ஃபியூம் ஹூடுக்குள் திறந்த பீக்கரில் இரவு முழுக்க விடுங்கள், மிச்சம் தானே தீர்ந்துவிடும். மறுநாள் குமிழ் இல்லை என்று பார்த்த பிறகே கழிவுப் பாட்டிலுக்கு மாற்றி, மூடியைத் தளர்வாக வையுங்கள். கோபால்ட்டும் நிக்கலும் உள்ள அலசல் நீர் தனிப் பாட்டிலில், சிங்க்கில் அல்ல. நிக்கலைக் கழுவிய அமிலத்தைக் காரக் கழிவோடு ஒரே பாட்டிலில் சேர்க்காதீர்கள், தீராத போரோஹைட்ரைடு ஒரு துளி இருந்தாலும் அங்கேயே பொங்கும். இரண்டு பாட்டிலிலும் தேதி, உள்ளே என்ன இருக்கிறது, உங்கள் பெயர் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள்.